இரவல் மூச்சு

சண்முகசுந்தரிக்கு அந்தப் படபடப்பு முதலில் வந்தது ஒரு சித்திரை மத்தியானம், சேலைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது. தறிக்கூடத்திலிருந்து வரும் சேலைகளைப் பிசிறு வெட்டி, நீவி மடித்து, அட்டை வைத்துக் கவரில் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. சங்கரன்கோவிலில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும், மீதி வீடுகளில் மடிப்பு வேலை நடக்கும். அந்தத் தடதடப்புக்கு நடுவில் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. கரண்டு போனதற்காக அந்தத் தெரு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

எதிர்த்தாற்போல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷீலாதான் ஓடி வந்து தூக்கினாள். ஆட்டோ பிடித்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள், மறுநாள் திருநெல்வேலிக்கும் கூடவே வந்தாள். அங்கே மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். நடக்க வைத்து எடுத்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "இருதயத்துல ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்கு. மனசுதான் அலட்டிக்கிடுது. மூச்சுப் பயிற்சி பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்.

சுந்தரிக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. நெஞ்சுவலி என்றால் நாலு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். மனசு என்றால் எவர் வருவார்? வாசலில் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டுப் போவார்கள். "வாயுப் பிடிப்பாம்" என்று அவளே தெருவில் சொல்லிவைத்தாள்.

மனசுக்கு என்ன கேடு என்று டாக்டருக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும், ஆனால் அதை நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவள் புருசன் இசக்கித்துரை சவுதியில் தம்மாமில் இருந்தார். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட், டிரெய்லர் ஓட்டும் வேலை. மகள் வேல்விழி ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருசம் போனவர். இப்போது அவள் கோவில்பட்டியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். இடையில் வந்து போன லீவு நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு முழு வருசம் தேறாது. "இந்த ஆடியோட முடிச்சிக்கிட்டு ஒரேயடியா வந்துருதேன்" என்று பொங்கலுக்குப் பேசும்போது சொல்லியிருந்தார். சுந்தரி அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் பந்தக்கால் நட்டாலும் ஆடித் தவசு ஞாபகம், வெயில் தணிந்தாலும் ஆடி ஞாபகம். கோமதியம்மனே ஒத்தைக் காலில் தவசு இருந்துதான் சாமியைப் பார்த்தாள், நாம் எம்மாத்திரம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள்.

அவளுக்கு அவர் வேண்டும். ஒளிவுமறைவு எதற்கு, அவ்வளவுதான் விஷயம். நகை நட்டு அல்ல, மாடி கட்டுவதல்ல. பொழுது சாயும்போது ஓர் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவேண்டும். செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, "ஏட்டி, தண்ணி கொண்டா" என்று அதட்ட வேண்டும். குழம்பில் உப்புக் குறைவு என்று குறை சொல்ல வேண்டும். தனக்கென்று மட்டும் ஆக்கித் தின்கிற சோற்றில் உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

படபடப்பு வந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஷீலாதான் போட்டுக் கொடுத்துவிட்டாள். வைகாசி பிறந்ததும், கூட வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரன் லீவில் ஊருக்கு வருவதாகவும், அவனிடம் ஒரு மிஷின் கொடுத்துவிட்டிருப்பதாகவும், போய் வாங்கிக்கொள்ளும்படியும் இசக்கித்துரை போனில் சொன்னார்.

புளியங்குடி வழியாகப் பஸ் பிடித்துக் கடையநல்லூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அந்தப் பையனின் தாயார் ஜுலைகா பீவி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பேரீச்சம்பழம், தைலம், பால்பவுடர் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே தீப்பெட்டியைப் போல இரண்டு மடங்கில் ஒரு வெள்ளைப் பெட்டி. சுந்தரிக்கு அதைத் தொட்டதும் கண் கலங்கிவிட்டது. அவர் கை பட்ட பெட்டி.

"என்னம்மா ஒடம்புக்கு?" என்று கேட்டாள் ஜுலைகா பீவி.

சுந்தரி வாயுப் பிடிப்பு என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் பொய் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இத ஏன் தாயி அவருக்குத் தெரிய விட்டிய?" என்றாள் ஜுலைகா பீவி. "இந்தா, போன வருசம் எங்க வீட்டு ஆளுக்கு வயித்துல ஆப்ரேசன். பதினஞ்சு நாளு ஆஸ்பத்திரில கெடந்தாவோ. மவன் தெனமும் கேப்பான், வாப்பா எங்கன்னு. தொழுவப் பள்ளிக்குப் போயிருக்காவோ, இப்பம்தான் படுத்தாவோ, சந்தைக்குப் போயிருக்காவோன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டேன். எம் மாமியா மௌத்தாகி அடக்கம் பண்ணதகூட நாப்பதாம் நாளு கழிச்சுத்தான் சொன்னோம்."

"அவனுக்குக் கோவம் வராதா யம்மா?"

"வரட்டுமே. இங்கன வந்து படட்டும். அங்கன இருக்கையில மெய்யச் சொன்னா ஓடியாந்துர முடியுமா அவனால? செவுத்துல முட்டிக்கிட்டு அழுவான். மறுநா அந்த நெனப்போட வேலைக்குப் போயி எங்கனயாவது விழுந்தான்னா? நாம அழுவுறது நம்ம வாசலத் தாண்டப்படாது மக்கா. அல்லா லேசாக்கி வைப்பான்."

அந்த ஊரில் மட்டுமல்ல, ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் எல்லா வீட்டிலும் இது ஒரு சட்டம். எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருவரும் மீறமாட்டார்கள். சுந்தரி திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மிஷினைப் பிரித்து மாட்டிக் கொடுத்தது ஷீலா. கம்மல் மாதிரி ஒரு கிளிப்பு, காது மடலில் கடித்துக்கொள்ளும். அது நாடித்துடிப்பை வாங்கிப் போனுக்கு அனுப்பும். போனில் ஒரு கோடு ஓடும். மூச்சு நிதானமாகி மனசு அடங்கினால் கோடு அலை அலையாக வளைந்து பச்சையாகும். படபடப்பு என்றால் முள்ளு முள்ளாகக் குத்திட்டுச் சிவப்பாகும். பக்கத்திலேயே ஒரு பந்து மேலே ஏறும், கீழே இறங்கும். ஏறும்போது மூச்சை இழுக்கணும், இறங்கும்போது விடணும்.

"இதுல ஒரு விசேசம் என்னன்னா, நீங்க இங்கன மாட்டுனா அண்ணன் போன்ல அங்கன தெரியும்" என்றாள் ஷீலா. "அண்ணன் அதான் கேட்டு வாங்கிருக்காவ. கேம்புல உள்ள கிளினிக்குல நர்சு ஒருத்தரு சொல்லிக் குடுத்தாராம்."

"அவுகளுக்கு இங்கன நடக்கது எல்லாம் தெரியுமா?"

"நீங்க என்ன கொழம்பு வச்சியன்னு தெரியாதுக்கா. மூச்சு மட்டுந்தான் தெரியும்."

இசக்கித்துரைக்கு அதிகாலையில் ஷிப்ட் முடியும். அறைக்கு வந்து, குளித்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுக்கும்போது இங்கே காலை பத்து மணி ஆகிவிடும். ஒரே அறையில் இன்னும் ஐந்தாறு பேர் தூங்குவார்கள், போனில் பேச முடியாது. சன்னலில் கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, பகலை ராத்திரி என்று நினைத்துக்கொண்டு படுப்பார். ஆனால் தூக்கம் அவ்வளவு லேசில் வராது. அந்த நேரத்தில் சுந்தரி காதில் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், அவர் அங்கே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஏற்பாடு.

முதல் நாள் சுந்தரி தலை சீவி, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். மூச்சுக்கு எதற்குப் பொட்டு? பந்து ஏறியது, அவளும் இழுத்தாள். பந்து இறங்கியது, விட்டாள். அங்கே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்ததுதான் தாமதம், நெஞ்சு தறி மாதிரி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கோடு முழுக்கச் சிவப்பு. எவ்வளவு அடக்கினாலும் அடங்கவில்லை.

சாயங்காலம் எழுந்து அவர் கூப்பிட்டார். "என்னட்டி, மொளகாப் பழம் காயப் போட்ட மாதிரி ஒரே செவப்பா இருந்திச்சி?"

"மொத நாளுல்லா. பழக்கமில்ல."

"நல்லா சாப்பிடு. ராத்திரி முழிச்சி சேலை மடிக்காத. என்ன?"

மறுநாள் கூப்பிட்டபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். ராத்திரி வண்டி ஓட்டும்போது அந்தச் சிவப்புக் கோடே கண்ணுக்குள் நின்றதாம். திருப்பத்தில் கவனிக்காமல் டிரெய்லரைக் கம்பத்தில் கொண்டுபோய் உரசிவிட்டாராம். "ஆளுக்கு ஒண்ணுமில்லட்டி, பெயிண்ட்டு போச்சு, அம்புட்டுத்தான்" என்று சிரித்தார். சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜுலைகா பீவி சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்று பயந்து போனாள்.

இந்த இடத்தில்தான் மாடத்தி வருகிறாள்.

மாடத்தி ஆட்டுக்காரி. ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவாள். காலையில் கண்மாய்க் கரையில் மேயவிட்டு, வெயில் ஏறியதும் சுந்தரி வீட்டுக்குப் பின்னால் உள்ள உடைமரத்து நிழலில் மடக்கிப் போடுவாள். சுந்தரி கழனித்தண்ணி எடுத்து வைத்திருப்பாள், ஆடுகள் குடிக்கும். மாடத்திக்கு ஒரு டீ. பதிலுக்கு மாடத்தி ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, வெயிலில் காய்ந்து கருத்தது. எந்த அவசரமும் அவளுக்குக் கிடையாது. ஆடு ரோட்டில் பாய்ந்தாலும் "ஏய்" என்று ஒரு சத்தம் கொடுப்பாளே தவிர எழுந்திருக்கமாட்டாள். பஸ்தான் நிற்கும்.

அன்றைக்குச் சுந்தரி காதில் கிளிப்போடு கொல்லைப்பக்கம் வந்தாள்.

"என்னட்டி அது, ஒத்தக் கம்மலு?"

"மூச்சு பாக்க மிஷினு யக்கா."

"மூச்சப் பாக்க மிஷினா? மூக்குக்கு முன்னால கைய வச்சா தெரியாதாக்கும், இருக்கா போயிட்டான்னு?"

சுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. மிஷின் சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று ஒரு சந்தேகம் அவளுக்கு. "நீ மாட்டிப் பாரேன்" என்று கழற்றி மாடத்தியின் காதில் மாட்டிவிட்டாள். மாடத்தி டீயை உறிஞ்சிக்கொண்டு ஆடுகளைப் பார்த்தபடி இருந்தாள். பந்தும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. கோடு இரண்டு துள்ளு துள்ளியது, பிறகு வளைந்தது, வளைந்து வளைந்து பச்சையாக ஓட ஆரம்பித்துவிட்டது. கண்மாயில் காற்றுக்குத் தண்ணி அலையடிப்பது போல அவ்வளவு அமைதி.

அந்த நேரம் போனில் டிங் என்றது. தம்மாமிலிருந்து அவர் அனுப்பியிருந்தார்: "சூப்பர் சுந்தரி. இப்படியே இரு."

அவர் பார்த்துக்கொண்டிருப்பதைச் சுந்தரி மறந்தே போயிருந்தாள். "நான் இல்லை, மாடத்தி" என்று அடித்தாள். அனுப்பவில்லை, அழித்துவிட்டாள். கம்பத்தில் உரசிய வண்டிதான் கண் முன்னால் வந்தது. இன்றைக்கு ஒருநாள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "எம்புட்டு நாளாச்சு இப்படித் தூங்கி! ஒன் மூச்சப் பாத்துக்கிட்டே கெடந்தேன். அப்படியே கண்ணச் சொருகிட்டு. பக்கத்துல நீ படுத்துருக்க மாதிரியே இருந்துச்சிட்டி."

இதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்லுவாள்? ஒருநாள் என்றது தினமும் ஆகிவிட்டது. பத்து மணிக்கு மாடத்தி வருவாள், கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டுவாள், சுந்தரி மாட்டிவிடுவாள். பிறகு டீ. மாடத்தி அதை ஏதோ ஆஸ்பத்திரிக் காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தம்மாமில் ஒருவர் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவார். வண்டி எதிலும் உரசவில்லை. முகம் தெளிந்துவிட்டது என்று வீடியோவில் பார்த்தாலே தெரிந்தது.

சுந்தரிக்குத்தான் தெளியவில்லை. மாடத்தியின் காதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆட்டுப் புழுக்கை வாசம் அடிக்கிற ஒரு பொம்பளையின் மூச்சு என் புருசனைத் தாலாட்டுகிறது, என் மூச்சு அவரைக் கம்பத்தில் கொண்டுபோய் மோதுகிறது என்று நினைக்கும்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மாடத்தியிடமே உடைத்துவிட்டாள்.

மாடத்தி வாயில் வைத்த டீயைத் துப்பிவிட்டாள். "அடி பாவி மட்ட! உம் புருசன் எம் மூச்சப் பாத்தா தூங்குதான்? எங்க வீட்டு ஆளு உச்சிமாகாளிக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிருமேட்டி!"

"சத்தம் போடாத யக்கா. ஒனக்கு மட்டும் எப்படி இப்படி வருது? எனக்கு ஏன் வரமாட்டக்கு?"

மாடத்தி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு என்னட்டி படபடப்பு? எம் புருசன் எங்க போயிட்டான்? காலைல எந்திரிச்சா அங்கன கட்டுல்ல கெடக்கான், ராத்திரி போனா அங்கன கட்டுல்ல கெடக்கான். பீடி வாங்கக்கூட நாந்தான் போவணும். என்னைக்காவது எங்கனயாவது தொலைஞ்சாத்தானே நான் நெஞ்சப் பிடிக்க!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சுந்தரி உள்ளே போய்ச் சேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேல்காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. மடித்த சேலை ஒவ்வொன்றும் காற்றுக்குப் பிரிந்து பிரிந்து விழுந்தது. புருசன் கண்ணெதிரே கிடக்கிறான் என்ற தைரியத்தில் வருகிற மூச்சு அது. அதை எடுத்துத்தான் புருசனைத் தூரத்தில் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனியில் ஒரு சாயங்காலம் அவர் கூப்பிட்டார். பேச்சில் ஒரு தயக்கம் இருந்தது.

"ஏட்டி, கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கச் சொல்லுதானுவ."

சுந்தரி அப்போது அடுப்பில் கத்தரிக்காய் புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலேயே நின்றது.

"ஒனக்கு ஒடம்புக்குச் சேட்டமில்லன்னு ஷீலா சொன்ன அன்னைக்கே முடியாதுன்னுட்டேன். ஆடிக்கு டிக்கெட்டு போடச் சொல்லிட்டேன். ஆனா இப்பம்தான் ஒனக்கு நல்லாயிட்டே. நாந்தான் தெனமும் பாக்கேனே. எம்புட்டு நிதானமா இருக்கு! நீ அப்படி இருக்கையில எனக்கும் இங்கன கெடந்துரலாம்னு தோணுது. வேல்விழி படிப்பும் முடிஞ்சிரும். என்ன சொல்லுத?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாய் ஜுலைகா பீவியை நினைத்தது, கம்பத்தை நினைத்தது, இத்தனை நாள் ஏமாற்றியதை நினைத்தது. "உங்க இஷ்டம்" என்றாள்.

பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்க்கிற புருசன் என்றால், அவள் சொன்னது சம்மதம் அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "சரிட்டி" என்று அவர் போனை வைத்துவிட்டார். குழம்பு அடிப்பிடித்தது. அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மாடத்தி வந்து, வழக்கம் போலக் கூந்தலை ஒதுக்கிக் காதைத் திருப்பிக் காட்டினாள்.

"இன்னைக்கு வேண்டாம் யக்கா."

"ஏன், சார்ஜு இல்லையா?"

"நான் மாட்டிக்கிடுதேன்."

மாடத்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் காதை மூடிக்கொண்டாள். சுந்தரி கொல்லைப்படியில் உட்கார்ந்து கிளிப்பைத் தன் காதில் கடிக்கவிட்டாள். முகம் கழுவவில்லை, பொட்டும் வைக்கவில்லை. அழுது வீங்கிய முகம். கோடு எழுந்ததுமே குத்தியது. சிவப்பு, சிவப்பு, ஒரே சிவப்பு. அவள் பந்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டிங் என்றது. "மிஷின் கெட்டுப்போச்சா? கழற்றி மாட்டு."

அவள் கழற்றி மாட்டவில்லை. கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை, மற்றவர்கள் தூங்குவார்கள். மறுபடியும் கூப்பிட்டாள், எடுத்தார். கதவு திறக்கும் சத்தமும், நடக்கும் சத்தமும், குழாய்த் தண்ணி சொட்டும் சத்தமும் கேட்டன. குளியலறைப் பக்கம் போயிருக்க வேண்டும்.

"என்னட்டி? இந்நேரம் ஏன் கூப்புடுத? வேல்விழிக்கு எதும்..."

"அவ நல்லாருக்கா. மிஷினும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் நல்லால்ல."

"நேத்து வர நல்லாத்தான இருந்துச்சி?"

"நேத்து வர மாட்டுனது நான் இல்ல."

"பெறவு யாரு?"

"மாடத்தி."

"எந்த மாடத்தி?"

"ஆட்டுக்காரி மாடத்தி. கொல்லைல வந்து ஆடு மடக்குவாள்லா, அவ."

அந்தப் பக்கம் தண்ணி மட்டும் சொட்டியது. அவர் திட்டுவார் என்று சுந்தரி காத்திருந்தாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

"மொத நா எஞ் செவப்பப் பாத்துட்டு நீங்க வண்டியக் கொண்டு மோதிட்டியல்லா" என்று அவளே பேசினாள். "பயந்துட்டேன். அவ மாட்டுனா பச்சையா வந்துது. நீங்க தூங்குனிய. தூங்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் சரியாவல. ராத்திரியானா நெஞ்ச அடைக்கி. தறி நின்னா அடைக்கி, தறி ஓடுனா அடைக்கி. எனக்கு நீங்க வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க வாங்க."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அதை இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறும்போதுகூட "பாத்துப் போங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள். மாடத்தி ஆடுகளைப் பார்க்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சுந்தரி" என்றார் அவர். ஏட்டி என்று சொல்லவில்லை. "நேத்தே போட்டுட்டேன்."

"எத?"

"கையெழுத்து. ஒங்கிட்ட பேசிட்டு அப்படியே ஆபீசுக்குப் போயி போட்டுட்டுத்தான் ஷிப்டுக்குப் போனேன். நீ சரின்னுட்டியேன்னு."

கொல்லையில் ஆடுகள் கழனித்தண்ணிப் பானைக்கு முட்டிக்கொண்டன.

"மாத்த முடியாதா?"

"கேக்கேன். இன்னைக்கே போயி கேக்கேன். பாஸ்போட்டு அவனுவகிட்ட இருக்கு. குடுக்கமாட்டானுவட்டி, மத்தவனுக்கெல்லாம் குடுக்கல. ஒரு வருசம் ஆனா லீவு கேக்கலாம்." குரல் உடைந்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கப்படாதா? நேத்து ஒரு வார்த்தை?"

"சொல்லிருக்கணும்."

"ஆடிக்குன்னு ஒனக்கு ஒரு சேலகூட எடுத்து வச்சிருந்தேன். சேலை மடிக்கவளுக்குச் சேலையான்னு ரூம்ல சிரிச்சானுவ."

இரண்டு பேரும் அழுதார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதே பழக்கப்பட்டவர்கள், முதல் தடவையாக ஒரே நேரத்தில் சத்தம் வர அழுதார்கள். அதில் ஒரு சுகம்கூட இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் இருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். குளியலறை மற்றவனுக்கும் வேண்டுமே. "நான் போயிப் படுக்கேன்" என்றார்.

"சரி. மாடத்தி காதுல மாட்டிவிடட்டா? நீங்க தூங்கணும்லா. ராத்திரி வண்டி ஓட்டணும்லா."

"வேண்டாம். நீயே மாட்டிரு. போனையும் கட் பண்ணாத."

"செவப்பாத்தான் வரும்."

"வரட்டும்."

அவர் படுக்கும் சத்தம் கேட்டது. போனைத் தலைமாட்டில் வைத்திருக்க வேண்டும், மின்விசிறியின் இரைச்சல் கிட்டத்தில் வந்தது. சுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தைப் பார்த்தாள். அவருக்காகவாவது கோட்டை வளைத்துவிட வேண்டும் என்று மூச்சை இழுத்தாள், பிடித்தாள், விட்டாள். கோடு பிடிவாதமாகக் குத்தியது. இன்னும் பலமாக இழுத்தாள். டிங் என்றது.

"கஷ்டப்படாதே. சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். முள்ளு முள்ளாகக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது, ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. தெருவில் தறிகள் ஓடின. அந்தத் தடதடப்புக்கு நடுவே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுந்தரி கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் மின்விசிறி மட்டும் கேட்டது. பிறகு புரண்டு படுப்பது கேட்டது. நெடுநேரம் கழித்து, தகரப் பெட்டியைத் தரையில் இழுப்பது மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது, நின்றது, மறுபடி எழுந்தது.

சுந்தரி போனை எடுத்து மாடத்தியின் காதில் வைத்தாள்.

"என்னட்டி இது, கொறட்டையா?" என்றாள் மாடத்தி. "இதுக்கா இம்புட்டு ஏக்கம்? எங்க வீட்டுல வந்து கேளு, கூரையே பறக்கும்."

"எங்க வீட்டு ஆளுது யக்கா" என்றாள் சுந்தரி. போனை வாங்கித் திரும்பவும் தன் காதில் வைத்துக்கொண்டாள். உள்ளே மடிக்க வேண்டிய சேலைகள் அப்படியே கிடந்தன.